கட்டியோரும் காத்தோரும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து யாது என்று கேட்டால், அங்கத்தினர் பலர் ரொக்கக் கையிருப்பையும், பாங்கில் உள்ள வைப்பையும், கிடங்கில் உள்ள சரக்கையும் சொல்வர். சங்கக் கட்டடத்தைச் சொல்வோர் சிலரே. கூரை ஒழுகும்போதுதான் அது நம் நினைவுக்கு வருகிறது. பலர் பணம் போட்டுக் கட்டிய கட்டடத்தைக் காக்க வேண்டியவர் யார் என்னும் வினா இன்று எழுந்ததன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் குளத்தூர் வட்டத்தில் வாணிபம் செய்த சபையோர் முன்னும் அது நின்றது; சீன தேசத்தில் தேயிலை சென்ற பெருவழியில் மண்டபம் எழுப்பிய வணிகர் முன்னும் நின்றது. அவர்கள் கட்டியவற்றுள் சில இன்றும் நிற்கின்றன, சில இடிந்தொழிந்தன. இரண்டிற்கும் காரணம் ஆராய்வதே இம்மாதப் பாடத்தின் நோக்கமாகும்.

நகரத்தார் மலை

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், கீரனூருக்குத் தெற்கே நார்த்தாமலை இருக்கிறது. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை முதலிய குன்றுகளின் கூட்டம் அது. நார்த்தாமலை என்னும் பெயர் நகரத்தார் மலை என்பதன் திரிபு என்பர் அறிஞர். இங்கே நகரத்தார் என்றது ஒரு குலத்தாரை அன்று. ‘நகரம்’ என்பது சோழர் காலத்தில் வணிகர்கள் கூடி நடத்திய ஊர்ச்சபையின் பெயர். உழவர் ஊருக்கு ‘ஊர்’ என்ற சபையும், அந்தணர் ஊருக்குச் ‘சபை’ என்ற அவையும் இருந்தது போல, வணிகர் ஊருக்கு ‘நகரம்’ இருந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் இவ்வூர் அவனுடைய விருதுப் பெயரால் தெலுங்ககுலகாலபுரம் எனப்பட்டது. இவ்வூர் நகரத்தார் நிலத்தையும் கோயிலையும் பற்றிச் செய்த முடிவுகள் இக்குன்றுகளின் கல்வெட்டுகளில் காணக் கிடைக்கின்றன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929 ஆம் ஆண்டிலேயே தன் எல்லையில் இருந்த கல்வெட்டுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டமையால், அவை நமக்கு எளிதாகக் கிடைத்தன.

மேலமலையின்மேல் ஒரு கற்றளியும் அதற்கு எதிரே இரண்டு குடைவரைகளும் உள்ளன. கற்றளியை விசயாலய சோழீச்சரம் என்கிறோம். வெளியே சதுரமும், உள்ளே வட்டமான கருவறையும் கொண்ட அருமையான அமைப்பு அது. குடைவரைகளுள் பெரியதில், ஒன்றைப்போல் ஒன்றாகப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஆளுயரத்திற்கு நிற்கின்றன. இக்கோயிலுக்குப் பதினெண்பூமி விண்ணகரம் என்று பெயர். பதினெண்பூமி என்பது அக்கால வணிகப் பெருஞ்சபையோர் தம்மைக் குறிக்க வழங்கிய சொற்களுள் ஒன்று. பதினெட்டு நாடுகளிலும் சென்று வாணிபம் செய்வோர் என்பது கருத்து. அரசன் பெயரால் கோயில் அமைவதை நாம் நாடெங்கும் காண்கிறோம். வாணிபம் செய்தோர் சபையின் பெயரால் ஒரு கோயில் நம் வட்டத்தில் இருப்பதை அங்கத்தினர் அறிந்து பெருமைப்படலாம்.

விசயாலய சோழீச்சரத்தில் நாம் கவனிக்க வேண்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. முத்தரையர் மரபைச் சேர்ந்த சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் இக்கோயிலைக் கட்டினான். பின்னர் அது மழையால் சிதைந்தது. அப்போது மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுப்பித்தான். இவ்வளவே செய்தி. கட்டியவன் பெயரோடு பழுது பார்த்தவன் பெயரும், சிதைந்ததற்குரிய காரணமும் கல்லில் ஏறியுள்ளன. மழை கோயிலையும் இடிக்கும் என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை. பழுது பார்ப்பதைக் கட்டுவதற்குக் குறைந்த செயலாக எண்ணவும் இல்லை.

பிரான்மலையில் ஒரு பட்டியல்

புதுக்கோட்டை எல்லையை அடுத்து, சிங்கம்புணரிக்கு அண்மையில் பிரான்மலை உள்ளது. அங்குள்ள 13 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, நம் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கேட்டறிய வேண்டியது. பல ஊர்களின் நகரத்தாரும் பல வணிகக் குழுவினரும் ஒன்றுகூடி, தம் சரக்கின் ஒவ்வொரு பொதிக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையைக் கோயிலுக்குக் கொடுக்க இசைந்தனர். இதற்குப் பட்டணப்பகுடி என்று பெயர். அரசன் விதித்த வரி அன்று இது. தொழில் செய்வோர் தாமே கூடித் தமக்கு விதித்துக்கொண்ட பங்கு.

அப்பட்டியலில் உப்பு, நெல், அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன் ஆகியவை வருகின்றன. சந்தனமும் அகிலும் பன்னீரும் வருகின்றன. குதிரையும் யானையும்கூட வருகின்றன. உழவர் விளைத்த பருத்தியும், நூற்றோர் நூற்ற நூலும், நெசவாளர் நெய்த புடவையும், கடல் கடந்து வந்த அகிலும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. நெசவாளர் வேறு, விவசாயி வேறு, வியாபாரி வேறு என்று நாம் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்திருக்கிறோம். பொதுக் காரியத்திற்குப் பங்கு கொடுப்பதில் அவர்கள் எல்லோரையும் ஒரே பட்டியலில் வைத்தனர்.

இம்முறையின் நுட்பம் யாதெனில், பங்கு ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் சரக்குக்கு இவ்வளவு என்று அமைந்ததாகும். வாணிபம் பெருகிய ஆண்டில் கோயிலுக்கு வருவாய் பெருகும். குறைந்த ஆண்டில் வணிகன் மேல் சுமை ஏறாது. ஒருமுறை நன்கொடை வசூலித்துக் கட்டடம் எழுப்பி அத்துடன் கலைந்து போகும் வழக்கத்திற்கும், ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வருவாய் வந்துகொண்டிருக்கும் ஏற்பாட்டிற்கும் உள்ள வேறுபாட்டை இதில் காணலாம்.

கடல் கடந்த கட்டடங்கள்

நார்த்தாமலையும் பிரான்மலையும் தனித்து நின்ற ஊர்களல்ல. விராலிமலையை அடுத்த கொடும்பாளூர், சோழ நாட்டிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில் இருந்தது. கோவலனும் கண்ணகியும் சென்ற வழியைச் சொல்லுமிடத்துச் சிலப்பதிகாரம் அவ்வூரைக் குறிக்கிறது. இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி எடுத்த மூவர் கோயிலில் இரண்டு தளிகள் அங்கே இன்றும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளமே எஞ்சியுள்ளது. கொடும்பாளூரில் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினர் இருந்தனர். மணிக்கிராமத்தார் என்னும் பெயர் தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தகுவாபா என்னுமிடத்தில் 9 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் வருகிறது. அங்கே அவனிநாரணம் என்ற பெயருடைய ஒரு குளம் தோண்டப்பட்டு, மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்டது. கடல் கடந்து சென்ற தமிழ் வணிகர் அவ்வூரில் விட்டுச்சென்ற பொதுச் சொத்து ஒரு குளம் என்பதையும், குளத்தோடு அதன் காவலும் எழுதி வைக்கப்பட்டதையும் குளத்தூரார் ஆகிய நாம் தனியே எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சுமத்திரா தீவின் பாருஸ் துறைமுகத்தில் 1088 ஆம் ஆண்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகச் சபையார் தமிழில் கல்வெட்டு ஒன்று பொறித்தனர். அங்கு வரும் மரக்கலத்தார் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னில் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அதன் செய்தி. சரக்கைக் கொண்டு பங்கு கணக்கிடும் முறை பிரான்மலைக்கு முன்பே கடல் கடந்து சென்றிருந்தது.

இவ்வழி சீனம்வரை நீண்டது. சோழ அரசரின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தன. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பகுதிகளில் நிலத்திலிருந்து சீனச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தென்சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281 ஆம் ஆண்டில் சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் மங்கோலியப் பேரரசனின் நலம் வேண்டிச் சிவன் திருமேனியை எழுந்தருளுவித்தார். அதனைச் சொல்லும் கல்வெட்டில் தமிழும் சீனமும் சேர்ந்து உள்ளன.

மறைந்த இரண்டு

சுவான்சௌவில் இருந்த அச்சிவன் கோயில் இன்று இல்லை. மங்கோலியர் ஆட்சி 1368 இல் வீழ்ந்தது. வாணிபம் நொடித்தது, அயல்நாட்டு வணிகர் கலைந்தனர். காப்போர் இல்லாத கோயிலின் கற்கள் வேறு கட்டடங்களுக்குச் சென்றன. அவற்றுள் கண்ணன் கதையும் சிவன் கதையும் செதுக்கிய இரண்டு தூண்கள் அந்நகரத்துக் கையுவான் பௌத்த ஆலயத்தின் பெரிய மண்டபத்தைத் தாங்கி நிற்கின்றன. 2021 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் சுவான்சௌவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகம் போற்றும் அப்பட்டியலுக்குள் நம் சிற்பியின் கைவண்ணமும் இருக்கிறது. ஆனால் ஒரு கோயிலாக இல்லை, துண்டுகளாகவே இருக்கிறது.

இதற்கு ஈடான இழப்பு நம் கரையிலும் நேர்ந்தது. நாகப்பட்டினத்தில் மூன்று நிலைகள் கொண்ட செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. கப்பலோட்டிகளுக்கு அது தொலைவிலேயே கரையைக் காட்டும் அடையாளம். புதுவெளிக் கோபுரம் என்றும், சீனக் கோபுரம் என்றும் அதனை அழைத்தனர். 14 ஆம் நூற்றாண்டில் கடல் யாத்திரை செய்த வாங் தாயுவான் என்னும் சீனர், 1267 ஆம் ஆண்டில் முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த ஒரு கோபுரத்தைக் குறித்துள்ளார். அது இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் சிதைந்த நிலையில் இருந்த இக்கோபுரம், 1867 இல் அரசாங்க அனுமதியுடன் இடிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது அதன் சித்திரம் மட்டுமே.

இவ்விரண்டையும் புயலோ நிலநடுக்கமோ அழிக்கவில்லை. கட்டிய கூட்டம் கலைந்த பின், அவற்றை ‘எங்களுடையது’ என்று சொல்ல எவரும் இல்லாமல் போயினர். சொல்லுவார் இல்லாத கட்டடம் வெறும் கல்லாகவும் செங்கல்லாகவும் கணக்கிடப்படுகிறது.

தேயிலை வழியில் ஒரு மண்டபம்

இனி, காக்கப்பட்ட கட்டடம் ஒன்றைப் பார்ப்போம். 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் தென்சீன மலைகளில் விளைந்த தேயிலை, ஆறுகள் வழியே படகில் வடக்கே வந்தது. ஹெனான் மாகாணத்தில் ஷெச்சி என்னும் ஆற்றங்கரை ஊரில் படகிலிருந்து இறக்கி, குதிரைகளிலும் வண்டிகளிலும் ஏற்றி, மங்கோலியப் பாலைவனம் கடந்து ருஷ்ய எல்லையில் உள்ள கியாக்தா சந்தைவரை கொண்டு சென்றனர். நீர்வழி முடிந்து நிலவழி தொடங்கும் இடமாதலால் ஷெச்சியில் பல மாகாணத்து வணிகரும் கூடினர்.

அவர்களுள் ஷான்ஸி, ஷென்ஸி என்னும் இரண்டு மாகாணத்தார் சேர்ந்து ஒரு பொது மண்டபம் எழுப்பினர். அயலூரில் வாணிபம் செய்வோர் தங்குவதற்கும், கூடிப் பேசுவதற்கும், வழக்குத் தீர்ப்பதற்கும், வழிபடுவதற்கும் உரிய இத்தகைய மண்டபத்தைச் சீனத்தில் ஹூய்க்குவான் என்பர். ஷெச்சி மண்டபத்தின் வேலை 1756 இல் தொடங்கி 1892 வரை, 136 ஆண்டுகள் நடந்தது. இடையே 1857 இல் கலகக்காரர் தீயிட்டதில் அதன் மிக உயர்ந்த மாடம் எரிந்தது. வணிகர் தளர்ந்து விடவில்லை. மீண்டும் பொருள் திரட்டி எஞ்சிய பகுதியை விரிவாக்கிக் கட்டினர். தொடங்கியவர்களுள் ஒருவரும் முடிந்ததைக் கண்டிருக்க முடியாது. தலைமுறை மாறியும் சபை மாறாதிருந்ததே அவ்வேலை நிறைவேறக் காரணம்.

அம்மண்டபத்தில் ஒரு கல் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அது மண்டபத்திற்கும் மூத்தது. 1724 ஆம் ஆண்டினது. ஊரில் வணிகர் சிலர் தராசை மாற்றிக் கள்ள எடை போடத் தொடங்கவே, எல்லா வணிகரும் கோயிலில் கூடி, ஒரு நிறைக்கு 16 லியாங் என்று தராசை ஒழுங்கு செய்து, இனி எவரும் மறைவாகத் தராசை மாற்றலாகாது என்று தீர்மானித்தனர். மீறியவருக்குத் தண்டனை யாது தெரியுமா? ஊருக்காக மூன்று நாடகங்கள் தம் செலவில் நடத்த வேண்டும். கள்ள எடை போட்டவன் பணத்தில் ஊரார் நாடகம் பார்ப்பர். நாடகம் நடக்கும் காரணமும் ஊருக்குத் தெரிந்துவிடும். நாணயத்தைக் காக்க இதனினும் மலிவான வழி இருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. பருத்தியும் நிலக்கடலையும் எடை போடும் இடத்தில் நின்றவர்கள் இக்கல்லின் அருமையை உணர்வர்.

1906 இல் பெய்ஜிங்கிலிருந்து ஹான்கௌ வரை இரயில் பாதை முடிந்தது. சரக்கு இரயிலில் சென்றது. ஷெச்சியின் படகுத்துறை ஓய்ந்தது. வாணிபம் போன பின்னும் மண்டபம் இடிபடவில்லை. 1988 இல் சீன அரசு அதனைத் தேசியப் பாதுகாப்புக்குரிய சின்னமாக அறிவித்தது. தேயிலை சென்ற பெருவழி முழுவதையும் உலகப் பாரம்பரியமாக ஏற்கச் செய்யும் முயற்சியில் 2019 இல் அது உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

செட்டிநாட்டு வீடுகள்

இவ்வளவு தொலைவு சென்ற நாம் வீட்டுக்குத் திரும்புவோம். நம் மாவட்டத்தின் தென்பகுதியிலும் சிவகங்கை மாவட்டத்திலும் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்கள், அண்மைக் காலத்து வணிகர் எழுப்பியவை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் ஈட்டிய பொருளைக் கொண்டு 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940 வரை இவ்வீடுகளைக் கட்டினர். பர்மாத் தேக்கு, சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்ந்து பளிங்கு போல் மின்னும் சுவர்ப்பூச்சு, ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நீளம் ஆகியவற்றை அங்கத்தினர் பலர் நேரில் கண்டிருப்பர். கூரையில் விழும் மழைநீர் முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே ஊருணிக்குச் செல்லும்படி ஊரையே அமைத்தனர். வறண்ட நாட்டில் வாழ்ந்தோர் வீட்டையும் ஊருணியையும் ஒரே வேலையாகக் கண்டது வியப்பன்று.

1942 இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டது. அதன் பின் வந்த பர்மிய அரசின் நிலச்சட்டங்களால் அங்கிருந்த பணமும் நிலமும் போயின. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வருவாய் நின்றது. வீடோ ஒன்று, உரிமையாளரோ தலைமுறைக்குத் தலைமுறை பெருகினர். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற யார் பணம் கொடுப்பது என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை வந்துவிடுகிறது. முடிவில் வீட்டைப் பிரித்துத் தூண்களையும் கதவுகளையும் விற்பதே எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே தீர்மானமாகிவிடுகிறது. அத்தூண்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் வழியே எங்கெங்கோ செல்கின்றன. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014 இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த பின்னும் இது முற்றும் நின்றபாடில்லை.

இதே நகரத்தாரின் ஒன்பது கோயில்களைப் பாருங்கள். திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிட்டு, புள்ளிவரி வாங்கி அவற்றைக் காக்கின்றனர். கோயில்கள் நன்னிலையில் இருக்கின்றன. ஒரே குலத்தார், ஒரே செல்வம், ஒரே கைத்திறன். கோயிலுக்கு விதி இருந்தது, வீட்டுக்கு விதி இல்லை. சில ஊர்களில் பங்காளிகள் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதி, ஆண்டுக்கு இவ்வளவு என்று போட்டு வீட்டைக் காப்பதும் உண்டு. அத்தகைய வீடுகளில் இன்றும் திருமணம் நடக்கிறது.

முதலை உண்ணாத வைப்பு

நம் முன்னோர் கண்ட ஏற்பாட்டின் உயிர்நிலை இங்கே இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமானால், சோழர் காலத்தில் 96 ஆடுகளை வைப்பாக விடுவர். இடையர் அவற்றை மேய்த்து, நாள்தோறும் நெய் அளப்பர். செத்த ஆட்டுக்குப் பதில் பிறந்த குட்டி நிற்கும், தொகை குறையாது. சாவா மூவாப் பேராடு என்று இதற்குப் பெயர். நம் ஐந்தொகையில் சேமநிதி என்று ஒரு வரி இருக்கிறதே, அதன் பழைய பெயர் இதுதான். பலனை நுகரலாம்; முதலை நுகரலாகாது.

இவ்வைப்பை நடத்தும் பொறுப்பு அரச அதிகாரிகளிடம் மட்டும் இருந்ததாக எண்ண வேண்டா. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, காஞ்சிபுரத்து நெசவாளர் சேரிகளில் கோயிற்பணம் வைப்பாக விடப்பட்டதையும், வட்டியைக் கோயிலுக்குச் செலுத்தும் கடமையும் கோயில் காரியம் பார்க்கும் பொறுப்பும் அந்நெசவாளரிடமே கொடுக்கப்பட்டதையும் சொல்கிறது. நெசவாளர் தறி அறிவர், கணக்கு அறியார் என்று இக்காலத்தில் சிலர் பேசுவது ஆயிரம் ஆண்டுக்கு முன் எடுபட்டிருக்காது.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நாம் பொதுவாகக் காண்பது ஒன்று. கட்டடத்திற்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்படுகிறது. ஏட்டில் மதிப்பு குறைகிறது; ஆனால் குறைந்த அளவுக்குப் பணம் தனியே ஒதுக்கப்படுவதில்லை. பத்தாண்டு கழித்துக் கூரை இறங்கும்போது, பேரவைக் கூட்டத்தில் ‘இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம், கடன் வாங்குவோம்’ என்ற தீர்மானம் வருகிறது. பத்தாண்டுக்கு முன் சில ஓடுகளையும் ஒரு கூடைச் சுண்ணாம்பையும் கேட்ட கட்டடம், இப்போது அங்கத்தினரின் பங்குத்தொகையையே கேட்கிறது. நெசவாளருக்குப் போனஸாகவும் விவசாயிக்குக் கூடுதல் விலையாகவும் போக வேண்டிய பணம் வட்டியாகப் போகிறது. ஆகவே பின்வருவனவற்றை நிர்வாகக் குழுக்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.

முதலாவது, பழுதுபார்ப்பு நிதி. பிரான்மலையார் செய்தது போல, விற்பனையாகும் சரக்கின் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு சிறு தொகையைச் சட்டத்துக்கும் துணைவிதிக்கும் உட்பட்டுத் தனிக்கணக்கில் சேர்க்கலாம். அதனை வேறு செலவுக்கு எடுக்கலாகாது என்ற தீர்மானமும் உடன் வேண்டும்.

இரண்டாவது, மழைக்கு முன் ஒரு பார்வை. ஆடி மாதத்திற்குள் நிர்வாகக் குழுவினர் இருவர் கூரைமேல் ஏறி, நீர்போகும் துவாரங்களில் அடைந்துள்ள சருகை எடுத்து, முளைத்துள்ள அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு நீக்க வேண்டும். விரல் அளவு கன்று ஐந்தாண்டில் சுவரைப் பிளந்துவிடும். கோயில்கள் பல விழுந்ததற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசலாகாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு அதனை உள்ளே அடைத்துவிடும். மேலே அழகாகத் தோன்றும் சுவர் உள்ளே உளுத்துப் போகும். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் நம் பகுதியில் இன்றும் உள்ளனர். அவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

நான்காவது, ஊரில் உள்ள பழஞ்சின்னங்கள். வயலிலோ குளக்கரையிலோ எழுத்துள்ள கல் இருந்தால் அதனைத் துவைக்கும் கல்லாகவோ மதகுக்கல்லாகவோ ஆக்கிவிடாமல், தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கோயில் திருப்பணியில் கல்வெட்டின்மேல் வண்ணம் பூசுவதையும், மணல் வீசித் தேய்ப்பதையும் தடுக்க வேண்டும். உழும்போது சிலையோ செப்பேடோ கிடைத்தால், 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பச் சட்டம் இடந்தராது. அதற்கு அப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். நார்த்தாமலைச் சுற்றுப்புறத்தார் இதனை அறிந்திருத்தல் நலம்.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு கேட்பதன்று. நகரத்தார் மலையின் சபையும், ஐந்நூற்றுவரும், மணிக்கிராமத்தாரும் இன்று இல்லை. அவர்கள் எழுதி வைத்த விதி இருந்தவரை அவர்கள் கட்டியவை நின்றன. நம் சங்கங்களின் நிர்வாகக் குழுவும் தலைவரும் அலுவலரும் மாறிக்கொண்டிருப்பவர்கள். துணைவிதியும் தனிக்கணக்கும் மாறாமல் நிற்கக் கூடியவை. வரும் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கட்டடப் பழுதுபார்ப்பு நிதி என்று ஒரு பொருளைச் சேர்க்கும்படி ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க

1. நம் சங்கக் கட்டடம் எந்த ஆண்டில், யாருடைய பங்குத்தொகையால் கட்டப்பட்டது? அச்செய்தி எங்கேனும் எழுதி வைக்கப்பட்டுள்ளதா?

2. கடந்த ஐந்தாண்டில் அதற்கு எழுதிய தேய்மானம் எவ்வளவு? பழுது பார்க்கச் செலவிட்டது எவ்வளவு?

3. பிரான்மலைப் பட்டியலில் உள்ள சரக்குகளுள் எவை இன்றும் நம் அங்கத்தினரால் விளைவிக்கவோ நெய்யவோ படுகின்றன?

4. எடை குறைத்தவன் மூன்று நாடகம் நடத்த வேண்டும் என்ற சீன வணிகர் விதிக்கு ஒப்பான விதி நம் துணைவிதிகளில் உண்டா?

5. நம் ஊரில் பலருக்குப் பொதுவான சத்திரம், ஊருணி, மண்டபம் எவை? அவற்றை இன்று காப்பவர் யார்?